குத்தகைக்கு எடுத்த ஆஸ்பத்திரி

பிளிகிரி ரங்கன் மலைக்குப் போய் வந்ததை எழுது, எழுது என்று என் நாத்தனார் பல வருஷமாக நச்சரிக்கிறாள். கோயில், காடு, யானை என்று எழுத எத்தனையோ இருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன்னால் வந்து நிற்பது, மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்தான். பயணக் கட்டுரையில் ஆஸ்பத்திரிக்கு என்ன வேலை என்று சகோதரிகள் நினைக்க வேண்டாம். கேளுங்கள்.

2009 தை மாதம். என் பையனுக்கு அப்போது இரண்டரை வயசு. என் மாமியாருக்குத் தாய்வீடு தாளவாடி. நம் ஈரோடு மாவட்டம்தான் என்றாலும் மலைக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். அங்கே வீட்டுக்குள் கன்னடம், சந்தையில் தமிழ். பேரன் பிறந்தால் ரங்கனுக்கு முடி இறக்குகிறேன் என்று அத்தை வேண்டிக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு அம்மிணி தள்ளிப் போடறது, சாமி கோவிச்சுக்கும்" என்று ஒரே பிடிவாதம். பொங்கல் கழிந்து அங்கே சின்னத் தேர் ஓடும். அந்தக் கூட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்து, தெரிந்தவர் ஒருவரின் வேனைப் பேசிக்கொண்டு புறப்பட்டோம். அத்தை, என் வீட்டுக்காரர், நான், எட்டு வயசுப் பெண், பையன். டிரைவர் தாளவாடிக்காரர். அவர் வந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

சத்தியமங்கலம் தாண்டிப் பண்ணாரி அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திம்பம் மலை ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவுகள்! பெண் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து, பத்தொன்பதில் வாந்தி எடுத்துக் கணக்கை விட்டுவிட்டாள். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்துச் சமாளித்தேன். 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிகிற வரைக்கும் இந்தப் பாதையில் குழந்தை குட்டியோடு போக எங்கள் பக்கத்தில் யோசிப்பார்கள். இப்போது வேறு மாதிரி. 2022இலிருந்து காட்டு மிருகங்களுக்காக இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது.

ஆசனூர் தாண்டி எல்லையைக் கடந்தால் சாமராஜநகர். அங்கிருந்து சந்தேமரஹள்ளி வழியாக யளந்தூர். வழியெல்லாம் மல்பெரித் தோட்டமும் மஞ்சளும் கரும்பும். எங்கள் ஊர்ப் பக்கம் போலவே இருக்கிறதே என்று இவர் சந்தோஷப்பட்டார். யளந்தூரில் கௌரீஸ்வரர் கோயில் வாசலில் கல்லிலேயே வளையம் வளையமாகச் செதுக்கியிருக்கிறார்கள். வளை மண்டபம் என்றே பெயர். பெண்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதற்குப் பிறகு கும்பள்ளி என்ற ஊர், வனத்துறைச் செக்போஸ்ட், அப்புறம் காடுதான்.

மலை உச்சியில் வெள்ளைப் பாறையின்மேல் ரங்கநாதர் கோயில். 'பிளி' என்றால் கன்னடத்தில் வெள்ளை. காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது. இந்தக் காட்டில் வாழ்கிறவர்கள் சோளகர்கள். அவர்கள் குலப் பெண்ணை ரங்கநாதர் கல்யாணம் செய்துகொண்டாராம். அதனால் மற்றவர்களுக்குச் சாமி, அவர்களுக்கு மட்டும் மச்சான்! சாமி காட்டில் நடமாடுவதற்கென்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய தோல் செருப்பு ஒரு ஜோடி செய்து வைக்கிறார்கள். ஒன்றே முக்கால் அடி நீளம். என் பெண் தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பையனுக்கு முடி இறக்கினோம். அலறித் தீர்த்துவிட்டான். நல்ல குளிர். தங்கியிருந்த இடத்தில் அத்தை வெந்நீர் போட்டு வாங்கி, மொட்டைத் தலையில் நன்றாக ஊற்றிக் குளிப்பாட்டினார். சந்தனம் தடவிக் குல்லாய் போட்டோம். மதியம் சாதம் வேண்டாம் என்று தள்ளினான். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பெற்றவளுக்கே தெரியவில்லை பாருங்கள். சாயந்திரம் இறங்குகிறபோது மடியில் கிடந்தவன் உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. காட்டுப் பாதை முடிகிற சமயம், கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஜன்னி கண்டுட்டுதே, ரங்கா!" என்று அத்தை கத்துகிறார். இவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் குழந்தை கையில் திணிக்கிறார். நான் பல்லைத் திறக்க விரலை விடப் பார்க்கிறேன். டிரைவர் ஒன்றும் பேசாமல் வண்டியை அழுத்தி ஓட்டி, கும்பள்ளியில் ஒரு கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார்.

மணி ஏழேகால் இருக்கும். வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் என்று டிரைவர் சொன்னதும் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கியது. அதற்குக் காரணம் இருக்கிறது. 2000இல் என் பெண்ணைப் பெறுகிற சமயம், இரவு ஒன்பது மணிக்கு வலி கண்டு எங்கள் பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போனோம். (எந்த ஊர் என்பது வேண்டாம்.) பூட்டுத் தொங்கியது. மஞ்சள் மூட்டை ஏற்றுகிற டெம்போவில் படுக்கவைத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். டெம்போவிலேயே பிறந்துவிடுமோ என்று என் அம்மா துணியை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பூட்டு என் மனசைவிட்டுப் போகவே இல்லை. சாயந்திரத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் பூட்டு என்றே எனக்குப் பதிந்து போயிருந்தது.

கும்பள்ளியில் பூட்டு இல்லை. ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். குழந்தையை என் கையிலிருந்து வாங்கி, பெஞ்சில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தினாள். என் விரலைத் தட்டிவிட்டாள். சாவியை வாங்கி இவர் கையிலேயே கொடுத்தாள். இதற்குள் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸிலிருந்து டாக்டர் வந்துவிட்டார். இளவயசுக்காரர், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்க வேண்டும், கை ஈரமாக இருந்தது. இழுப்பு தானாகவே அடங்கிவிட்டது. மிதமான தண்ணீரில் துணியை நனைத்து உடம்பெல்லாம் ஒற்றி எடுத்தார்கள். காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள். கழுத்தை மடக்கிப் பார்த்தார், காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். தொண்டையில்தான் புண்.

பிறகு அந்த நர்ஸ் கேட்ட கேள்வி எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். "தலைக்கு வெந்நீர் ஊற்றினீர்களா? ஊற்றும்போதே இழுத்ததா?"

அத்தை முகம் வெளுத்துவிட்டது. தான்தான் ஊற்றினோம், தன்னால்தான் வந்தது என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கன்னடத்தில் பொறுமையாகச் சொல்ல, அத்தையே மூக்கைச் சிந்திக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னார். இந்த மைசூர், சாமராஜநகர்ப் பக்கத்தில் சிலருக்குத் தலையில் சூடான தண்ணீர் விட்டால் வலிப்பு வருகிறதாம். வெந்நீர் வலிப்பு என்றே வைத்தியத்தில் அதற்குப் பெயர். யளந்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் வலிப்பு நோயை ஆராய்ந்தபோது இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பது தெரிந்ததாம். தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, தலைக்கு ஊற்றாமல் துணியால் துடைத்துக்கொண்டாலே பலருக்கு அது வராமல் காக்கலாம். என் பையனுக்கு வந்தது அது இல்லை. இது காய்ச்சல் ஏறுகிறபோது சின்னக் குழந்தைகளுக்கு வருகிற இழுப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயசு வரைக்கும் வரலாம். பார்க்கப் பயங்கரமே தவிரப் பெரும்பாலும் கெடுதல் இல்லை.

இளம் தாய்மாருக்காக அவர்கள் சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இழுக்கிறபோது குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் விரலோ கரண்டியோ விடக்கூடாது. தண்ணீர், மருந்து எதுவும் அப்போது புகட்டக்கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கக்கூடாது. இரும்புச் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. (இவர் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார்.) கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலோ, ஒன்று அடங்கி உடனே இன்னொன்று வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது. தானாக அடங்கிவிட்டாலும் முதல் தடவை என்றால் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும்.

இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். பெண்ணும் அத்தையும் நானும் உள்ளே, இவரும் டிரைவரும் வேனில். பக்கத்து அறையில் ஒரு பிரசவம் நடந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் பிறந்த சிசுவின் சத்தம் கேட்டு என் பையன் கண்ணை விழித்து, "பாப்பா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை கோயில் வேண்டுமானாலும் ஏறுவேன்.

விடிந்த பிறகுதான் இடத்தையே பார்த்தேன். கட்டடம் பெரிசு இல்லை. கழுவிவிட்ட திண்ணை, சுத்தமான கக்கூஸ் (நான் முதலில் பார்ப்பது அதைத்தான்), ஒரு பக்கம் துளசி, ஆடாதோடை என்று மூலிகைப் பாத்தி. இவர் வாசலில் இருந்த போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். அரசாங்கத்தின் பெயரும் இருக்கிறது, 'கருணா டிரஸ்ட்' என்றும் இருக்கிறது.

"அரசாங்க ஆஸ்பத்திரிய குத்தகைக்கு விட்டுட்டாங்களா?" என்றார் இவர்.

விவசாயி வீட்டில் குத்தகை என்ற சொல்லுக்கு ஒரு வாசனை உண்டு. ஒரு வருஷக் குத்தகைக்கு எடுக்கிறவன் எரு அடிக்கமாட்டான். உப்பு உரத்தை வீசி, வந்ததை அறுத்துக்கொண்டு போய்விடுவான், நிலம் செத்துப்போகும். அதனால்தான் இவர் அப்படிக் கேட்டார். அங்கே வயசான ஊழியர் ஒருவர், டாக்டர், அந்த நர்ஸ் மூவரும் அத்தையின் வாய்வழியாகச் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டாக்டர் எச். சுதர்சன் என்பவர் பெங்களூரில் வைத்தியம் படித்தவர். பன்னிரண்டு வயசில், கிராமத்தில் வைத்தியம் கிடைக்காமல் தன் தகப்பனார் இறந்ததைக் கண்ணால் பார்த்தவர். இந்த மலைக்கு வந்து சோளகர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, 1981இல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் என்று நிறுவினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கைத்தொழில் எல்லாம் வந்தது. 'மாற்று நோபல்' என்கிற பரிசு 1994இல் கிடைத்தது. 2000இல் பத்மஸ்ரீ. மலைக்குக் கீழே யளந்தூர் தாலுகாவில் தொழுநோய் மிக அதிகம். அதற்காக 1986இல் தொடங்கியதுதான் கருணா டிரஸ்ட். வீடு வீடாகப் போய்த் தொழுநோய்க்கு மருந்து கொடுத்தவர்கள், அப்படிப் போன இடத்தில் வலிப்பைப் பார்த்தார்கள், காசத்தைப் பார்த்தார்கள், வீட்டிலேயே பிரசவம் ஆகிக் கஷ்டப்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். ஊருக்கு ஓர் அரசாங்க நிலையம் இருந்தும் அது சரியாக ஓடவில்லை. 1996இல் கர்நாடக அரசு கும்பள்ளி நிலையத்தை அவர்களிடமே ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது.

ஒப்பந்தம் என்ன தெரியுமா? நம் வீட்டுக் கணக்குப் போலத்தான். கட்டடம் அரசாங்கத்துடையது. ஆரம்பத்தில் செலவில் பத்துக்கு ஒன்பது பங்கு அரசாங்கம், ஒரு பங்கு டிரஸ்ட். தடுப்பூசி, காசநோய் மருந்து, குடும்பக் கட்டுப்பாடு, பிரசவம் என்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் செய்ய வேண்டியது எதையும் விடாமல் செய்ய வேண்டும். ஜனங்களிடம் காசு வாங்கக்கூடாது. மாவட்ட அதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆளை நியமிப்பது, வேலை வாங்குவது, அங்கேயே குடியிருக்க வைப்பது டிரஸ்டின் பொறுப்பு. வேலை பிடிக்காத டாக்டர் யாரையாவது பிடித்து மாற்றல் வாங்கிக்கொண்டு போகிற வழி இதில் இல்லை. ராத்திரி பூட்டிக் கிடந்தால் யாரைக் கேட்பது என்பதும் ஊருக்குத் தெரிகிறது.

வலிப்பு, மனநோய், கண் வைத்தியம் எல்லாவற்றையும் அந்தச் சின்ன இடத்திலேயே பார்க்கப் பழக்கியிருந்தார்கள். 2002இல் இதே டிரஸ்ட், ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தோடும் நேஷனல் இன்சூரன்ஸ் கம்பெனியோடும் சேர்ந்து ஏழைகளுக்கு ஓர் இன்சூரன்ஸ் கொண்டுவந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தால், போகிற கூலிக்கு ஈடாக நாளைக்கு 50 ரூபாய். இதை யோசித்தவர் யாரோ, கூலிக்காரி வீட்டு நிலைமை தெரிந்தவர். ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் படுத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாதே என்றுதானே எத்தனையோ பெண்கள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள்?

எல்லாம் கேட்டுவிட்டு இவர், "பத்துப் பன்னெண்டு வருஷமா ஒரே கையில இருக்குது. அதான் எரு அடிச்சிருக்காங்க" என்றார். எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது.

ஆனால் எனக்கு மனசு வேறொரு இடத்தில் நின்றது. அந்த நர்ஸ் பெண் ஒரு சோளகர் போடுவைச் சேர்ந்தவள். போடு என்றால் காட்டுக்குள் அவர்கள் குடியிருப்பு. அவள் பேசுவது பாதி கன்னடம் போலவும் பாதி நம் பழைய தமிழ் போலவும் இருந்தது. கேந்திரத்திலேயே படித்து, அங்கேயே பயிற்சி எடுத்தவள். ராத்திரி முழுக்க என் பையனையும் அந்தப் பிரசவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காலையில் கொண்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தைக்கு வாய் சும்மா இருக்குமா? "சம்பளம் எவ்வளவு? கவர்மெண்ட் வேலைதானே?" என்று கேட்டுவிட்டார்.

அவள் சிரித்தாள். அரசாங்க நர்ஸுக்குக் கிடைப்பதைவிடக் குறைவுதான். வேலை நிரந்தரம் இல்லை, ஒப்பந்தம் இருக்கிறவரைக்கும். "பென்ஷன்?" என்றார் அத்தை. இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்லுவே?" அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. எங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

நம் ஊரில் வேறு மாதிரி செய்தார்கள். தமிழ்நாட்டு அரசு நிலையத்தைக் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. மூன்று நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்து, முறை போட்டு, 24 மணி நேரமும் ஒருவர் இருக்கும்படி செய்தது. 2000இல் பூட்டிக் கிடந்ததே, அதே நிலையத்தில்தான் 2006இல் என் பையன் ராத்திரி இரண்டு மணிக்குப் பிறந்தான். அந்த நர்ஸும் தொகுப்பூதியம்தான். விளக்கு அணையாமல் எரிவதற்கு இங்கே ஒரு வழி, அங்கே ஒரு வழி. ஆனால் இரண்டு ஊரிலும் ராத்திரி கண் விழிக்கிற பெண்ணின் வேலை மட்டும் நிச்சயம் இல்லாத வேலை. 108 வண்டிகூட இந்த ஒப்பந்த வழியில் வந்ததுதான். 2008 செப்டம்பரில் நம் மாநிலத்தில் ஓட ஆரம்பித்தபோது, பணம் அரசாங்கத்துடையது, ஓட்டி நடத்துவது ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஓர் அமைப்பு. வண்டிக்குள் நம் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் எந்தக் கணக்கில் சம்பளம் வாங்குகிறார் என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா?

கும்பள்ளி நன்றாக ஓடியதைப் பார்த்துத்தான் மற்ற இடங்களுக்கும் இது போயிற்று. அருணாசலப் பிரதேசத்தில் 2006இல் மாவட்டத்துக்கு ஒன்றாக 16 நிலையங்களை நாலு தொண்டு அமைப்புகளிடம் கொடுத்தார்கள். டாக்டர்கள் போக மறுக்கிற தூரத்து ஊர்கள். அதில் ஒன்பது கருணா டிரஸ்டுக்கு. கர்நாடகத்தில் 2008இல் 'ஆரோக்கிய பந்து' என்று பெயர் வைத்துத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் நிலையங்களைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எட்டு வருஷம் கழித்து, 2016இல் அரசாங்கம் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டு, நிலையங்களைத் தானே நடத்துவது என்று முடிவு செய்தது. சாமராஜநகரில் இருக்கிற அத்தையின் அக்கா மகன் போனில் இதைச் சொன்னபோது, அத்தை முதலில் கேட்டது, "அந்தப் புள்ளைக்கு வேலை இருக்குதாமா?" என்றுதான். அவர் எந்தப் பிள்ளை என்று புரியாமல் விழித்தார்.

இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், குத்தகைக்கு விடுவதா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தவரை, எடுக்கிற கை யாருடையது, எத்தனை வருஷத்துக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொழுநோய்க்காகப் பத்து வருஷம் அந்தத் தெருக்களில் நடந்தவர்கள் எடுத்தது வேறு. போர்டில் பெயர் போட்டுக்கொள்ள எடுப்பது வேறு. அரசாங்கமே நடத்தினாலும், சமையல் செய்து முடித்ததும் சாயந்திரம் எட்டி நடந்துபோய், ராத்திரி யார் இருப்பார்கள், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று நாம் நாலு பெண்கள் சேர்ந்து கேட்கலாம். எங்கள் தெருவில் ஒருமுறை கேட்டோம். முதலில் முறைத்தார்கள், பிறகு நர்ஸுகளின் முறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். சில மாதத்தில் அது கிழிந்துபோயிற்று. மறுபடி கேட்க வேண்டியதாயிற்று.

கதைக்கு வருகிறேன். காலை ஒன்பது மணிக்குக் காய்ச்சல் இறங்கி, பையன் ராகிக் கஞ்சி கேட்டுக் குடித்தான். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்கொருதரம், எவ்வளவு என்று அத்தைக்குத் தெரிவதற்காகக் கன்னடத்திலும், எங்கள் ஊர் டாக்டருக்காக ஆங்கிலத்திலும். இவர் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். "பேடா, பேடா" என்று டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஊழியர் பெரியவரிடம் நீட்டினார். அவரும் வாங்கவில்லை, ஆனால் கொஞ்சம் யோசித்தார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் அத்தை கோயிலிலிருந்து கொண்டுவந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தை, "இது ரங்கனுது, இதை வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்று அந்த நர்ஸின் கையில் வைத்து, குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் தானே இட்டுவிட்டார். தன் பெண்ணுக்கு இடுவதுபோல. இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது.

வண்டி யளந்தூர் ரோட்டில் திரும்புகிற சமயம் பின்னாலிருந்து ஒரு சத்தம். சைக்கிளில் ஒரு பையன் மூச்சு வாங்க வந்து நின்றான். கையில் என் மகனின் சிவப்புக் குல்லாய். பெஞ்சுக்குக் கீழே விழுந்து கிடந்ததாம். துவைத்துப் பிழிந்து கொடுத்துவிட்டிருந்தாள். இன்னும் ஈரமாகவே இருந்தது. ஜன்னல் ஓரத்தில் காயவைத்துக்கொண்டே திம்பம் வரைக்கும் வந்தோம்.